தசமப் புள்ளியை எண்ணி வைக்கும் விதி கடைசியில் வரட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

க.பொ.த. சாதாரண தரப் பெறுபேறுகள் வெளியாகும்போதெல்லாம் எமது மாகாணத்துப் பிள்ளைகளின் கணித அடைவு பற்றிய கவலை தங்கள் பத்திரிகையிலும் பெற்றோர் கூட்டங்களிலும் பேசப்படுகிறது. அட்சரகணிதம், கேத்திரகணிதம் போன்ற மேல்வகுப்புப் பகுதிகளே அவ்வேளையில் பெரும்பாலும் குறிப்பிடப்படுகின்றன. மட்டக்களப்பு வாவியின் இருபுறமும் உள்ள படுவான்கரையிலும் எழுவான்கரையிலும் நீண்ட காலம் கணிதம் கற்பித்தவள் என்ற முறையில், இந்தக் கவலையின் வேர்களுள் ஒன்று மிகவும் கீழே, பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் தசம எண்களைப் பெருக்கப் பழகும் இடத்தில் இருக்கிறது என்பதைத் தங்கள் வாசகர்களின் கவனத்துக்குக் கொண்டுவர விரும்புகிறேன்.

பெரும்பாலான வகுப்புகளில் இப்பாடம் ஒரு விதியுடன் தொடங்கி அந்த விதியுடனேயே முடிந்துவிடுகிறது. புள்ளிகளை மறந்துவிட்டு முழுவெண்களைப் போல் பெருக்க வேண்டும். இரு எண்களிலும் புள்ளிக்கு வலப்புறம் உள்ள இலக்கங்களை எண்ணிக் கூட்ட வேண்டும். விடையில் வலப்புறமிருந்து அத்தனை இலக்கங்களை எண்ணிப் புள்ளியை வைக்க வேண்டும். விதி சரியானது, எக்காலத்திலும் சரியான விடையைத் தருவது. ஆனால் அது ஏன் சரியாகிறது என்பதை அறியாமல் மனப்பாடம் செய்த பிள்ளையிடம், தான் எழுதிய விடை ஏற்கத்தக்கதா என்று பார்ப்பதற்கு வேறெந்த வழியும் இல்லை. எண்ணிக்கை ஓரிடத்தில் பிசகினால் விடை பத்து மடங்கு கூடியோ குறைந்தோ போகிறது. பிள்ளையோ அதைத் திருப்தியுடன் அடிக்கோடிட்டு அடுத்த கணக்குக்குச் செல்கிறது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு தருகிறேன். 2.5 ஐ 0.4 ஆல் பெருக்குமாறு கேட்டால், 25 ஐ 4 ஆல் பெருக்கி 100 என்று பெறும் பிள்ளைகளுள் சிலர், கடைசியில் உள்ள பூச்சியங்களுக்குப் பெறுமதி இல்லை என்று முன்னர் கற்றதை நினைவிற்கொண்டு அவற்றை முதலில் வெட்டிவிடுகின்றனர். எஞ்சும் 1 இற்கு இரண்டு தசமதானங்கள் எண்ணப்பட்டு, விடை 0.01 என்று எழுதப்படுகிறது. விதியின் ஒவ்வோர் அடியையும் பின்பற்றியதாகவே அந்தப் பிள்ளை நம்புகிறது. இதே கணக்கு நம் வயல்களில் அன்றாடம் வருவது. உர மானியம் ஹெக்டேயர் கணக்கில் அறிவிக்கப்படுகிறது. விவசாயி தன் காணியை ஏக்கரில் சொல்கிறார். ஓர் ஏக்கர் ஏறக்குறைய 0.4 ஹெக்டேயர். எனவே இரண்டரை ஏக்கர் வயல் ஏறக்குறைய ஒரு ஹெக்டேயர். 0.01 ஹெக்டேயர் என்பதோ 100 சதுர மீற்றர், அதாவது சுமார் 4 பேர்ச். இரண்டரை ஏக்கர் வயல் 4 பேர்ச் வளவாகச் சுருங்கிவிட்டதைக் கண்டு திடுக்கிடாத பிள்ளை, கணக்கைத் தாளில் உள்ள குறிகளாக மட்டுமே பார்க்கப் பழக்கப்பட்டிருக்கிறது. வயற்காரர் வீட்டுப் பிள்ளைகளே இவ்வாறு எழுதுவதுதான் எனக்கு மிகுந்த வேதனை தருகிறது, ஏனெனில் தகப்பனாரின் வயலின் பரப்பு அவர்களுக்குக் கண்ணளவில் நன்றாகத் தெரியும்.

மற்றொரு பிழை இன்னும் பரவலானது. 0.3 ஐயும் 0.2 ஐயும் பெருக்கினால் 0.6 என்று வகுப்பின் ஒரு பகுதியினர் தயக்கமின்றி எழுதுவர். கூட்டும்போது புள்ளிக்குக் கீழே புள்ளியை இட்ட பழக்கம் பெருக்கலுக்கும் வந்துவிடுவது ஒரு காரணம். அதைவிட ஆழமான காரணம், பெருக்கினால் எண் பெரிதாகும் என்ற நம்பிக்கை. இரண்டாம் தரம் முதல் பெருக்கலைத் திரும்பத் திரும்பக் கூட்டலாகவே கற்றுவந்த பிள்ளைக்கு அந்த நம்பிக்கை ஏற்படுவது இயல்பே. முழுவெண்களைப் பொறுத்தவரை அனுபவம் அதனைப் பெரும்பாலும் மெய்ப்பித்தும் வந்திருக்கிறது. இத்தாலியப் பாடசாலைகளில் 5, 7, 9 ஆம் தர மாணவர்களிடையே பிஷ்பைன் என்ற கல்வி உளவியலாளரும் அவருடைய குழுவினரும் நடத்தி 1985 இல் வெளியிட்ட ஆய்வு இதனைத் தெளிவாகக் காட்டியது. பெருக்கும் எண் ஒன்றைவிடச் சிறிய தசமமாக வரும்போது, பெருக்க வேண்டிய கணக்கு என்பதையே மாணவர் பலர் அடையாளம் காணாமல் வகுத்தலைத் தெரிவுசெய்தனர். கிலோ 2000 ரூபா விலையுள்ள இறாலில் மூன்று கிலோ எவ்வளவு என்றால் பெருக்கும் பிள்ளை, 0.35 கிலோ எவ்வளவு என்றால் வகுக்கப் பார்ப்பதை நம் வகுப்புகளிலும் காணலாம். விலை குறைய வேண்டும் என்று அதற்குத் தெரிகிறது, அந்த உணர்வு மிகவும் சரியானது. பெருக்கியும் குறைக்கலாம் என்பதை மட்டும் யாரும் அதற்குக் காட்டவில்லை.

காட்டுவதற்குப் பெரிய உபகரணம் எதுவும் தேவையில்லை. சதுரக் கோடிட்ட கொப்பியில் பக்கத்துக்குப் பத்துக் கட்டங்கள் கொண்ட ஒரு பெரிய சதுரத்தை வரைந்து, அதன் நீளத்தையும் அகலத்தையும் ஒவ்வோர் அலகாகக் கொள்ளச் சொன்னால், உள்ளே இருக்கும் நூறு சிறு கட்டங்களுள் ஒவ்வொன்றும் நூறில் ஒரு பங்கு என்பது பிள்ளைக்குத் தானே புலப்படும். ஒரு பக்கத்தில் பத்தில் மூன்று பங்கையும் மறு பக்கத்தில் பத்தில் இரண்டு பங்கையும் அளந்து, அவை அடைக்கும் செவ்வகத்துக்கு நிறந்தீட்டினால் ஆறு கட்டங்கள் நிரம்பும். ஆறு கட்டங்கள் என்றால் நூறில் ஆறு, அதாவது 0.06. பத்தில் ஒரு பங்கை மீண்டும் பத்தாகப் பிரித்தால் நூறில் ஒரு பங்கு வருகிறது என்ற இந்த ஒரு செய்தியே விதியில் நாம் இலக்கங்களை எண்ணிக் கூட்டுவதற்கான முழுக் காரணமும் ஆகும். நிறந்தீட்டிய பிள்ளை பின்னர் ஒருபோதும் 0.6 என்று எழுதாது என்று நான் சொல்லவில்லை. எழுதினாலும், கட்டங்களை நினைத்துப் பார்த்துத் தானே திருத்திக்கொள்ளும்.

அடுத்து வகுப்பறையை விட்டு வெளியே வரலாம். பாடசாலைத் தோட்டத்தில் 2.4 மீற்றர் நீளமும் 1.5 மீற்றர் அகலமும் உள்ள ஒரு பாத்தியைக் கயிறும் முளைகளும் கொண்டு குறித்து, நீளத்தில் இரண்டு மீற்றரிலும் அகலத்தில் ஒரு மீற்றரிலும் குறுக்குக் கயிறு இழுத்தால் பாத்தி நான்கு துண்டுகளாகும். அவற்றின் பரப்புகள் முறையே 2, 1, 0.4, 0.2 சதுர மீற்றர், கூட்டினால் 3.6. பிறகு வகுப்புக்குத் திரும்பி 24 ஐ 15 ஆல் பெருக்கி 360 என்று கண்டு, புள்ளியை எங்கே வைப்பது என்று கேட்டால், எண்ணிப் பாராமலே 3.60 என்று பிள்ளைகள் சொல்லிவிடுவார்கள். அந்தக் கடைசிப் பூச்சியத்தை எப்போது நீக்கலாம், எப்போது நீக்கக்கூடாது என்பதையும் அவ்விடத்திலேயே விளங்கப்படுத்திவிடலாம்.

பணத்தைக் கொண்டு தசமம் கற்பிப்பது பற்றி ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ரூபாவும் சதமும் தசமத்துக்கு ஏற்ற எடுத்துக்காட்டு என்று எம்மைப் போன்ற மூத்த ஆசிரியர்கள் நீண்ட காலமாக நம்பி வந்தோம். 1872 முதல் இந்நாட்டின் ரூபா நூறு சதங்களாகவே பிரிக்கப்பட்டிருக்கிறது என்பது உண்மைதான். ஆயினும் இன்றைய பிள்ளைகளின் கையில் சதம் புழங்குவதில்லை. 25 சத நாணயத்தைக் கண்ணால் கண்டிராத பிள்ளைகள் பலர். புழங்கிய காலத்திலும் 2.50 என்பதைப் பிள்ளைகள் இரண்டு ரூபா, ஐம்பது சதம் என்று இரு தனி முழுவெண்களாகவே வாசித்தனர். பத்தில் ஒன்று, நூறில் ஒன்று என்ற எண்ணம் அதனால் வளரவில்லை. பணத்தைப் பணத்தால் பெருக்குவதற்கு யாதொரு பொருளும் இல்லை என்பது வேறு. இன்று மீன் கடையிலும் பலசரக்குக் கடையிலும் இலத்திரனியல் தராசு 0.350 என்றும் 1.275 என்றும் காட்டுவதைப் பிள்ளைகள் நாள்தோறும் பார்க்கின்றனர். மருதமுனைக் கைத்தறித் துணியை மீற்றர் கணக்கில் அளந்து வெட்டுவதையும், எரிபொருள் நிலையத்தில் இலீற்றர் எண்கள் ஓடுவதையும் பார்க்கின்றனர். நிறையும் நீளமும் பரப்புமே இப்பாடத்துக்குப் பொருத்தமான களங்கள் என்பது என் துணிபு.

தசம எழுத்துமுறையை ஐரோப்பாவில் பரப்பிய சைமன் ஸ்டீவினும் இவ்வாறு அன்றாடம் அளந்து கணக்கிடும் மனிதர்களை எண்ணியே எழுதினார். அவருக்கு முன்பே சமர்கந்தில் அல்காஷி என்ற கணிதவியலாளர் 1427 இல் நிறைவுசெய்த நூலில் தசமப் பின்னங்களை விரிவாகக் கையாண்டிருந்தார். பின்னர் 1585 இல் ஸ்டீவின் டச்சு மொழியில் வெளியிட்ட ஒரு சிறு நூலில், நில அளவையாளரும் துணி அளப்போரும் வணிகரும் பின்னங்களின் சிக்கலின்றிக் கணக்கிடும் வழியைக் காட்டினார். அவர் புள்ளியைப் பயன்படுத்தவில்லை. ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஒரு வட்டக் குறியிட்டார். முழுவெண்ணுக்கு 0, பத்தில் ஒன்றுகளுக்கு 1, நூறில் ஒன்றுகளுக்கு 2 என்று அக்குறிகள் தொடர்ந்தன. 32.57 ஐ 89.46 ஆல் பெருக்கும் அவருடைய கணக்கில், இரு எண்களின் கடைசி இலக்கங்களும் 2 என்ற குறியைப் பெற்றிருப்பதால், விடையின் கடைசி இலக்கம் இரண்டும் இரண்டும் சேர்ந்து 4 என்ற குறியைப் பெறுகிறது, விடை 2913.7122. நாம் இன்று எண்ணிக் கூட்டுவது இந்தக் குறிகளைத்தான். இலக்கத்தின் மேல் சிறு வட்டத்தில் குறியிட்டு ஓரிரு கணக்குகளைச் செய்யச் சொல்வதை ஆறாம், ஏழாம் தர ஆசிரியர்களுக்கு நான் பரிந்துரைக்கிறேன். 0.05 ஐ 0.4 ஆல் பெருக்கும்போது 20 இற்கு முன்னால் ஏன் ஒரு பூச்சியம் சேர்த்து 0.020 என்று எழுத வேண்டும் என்ற, பிள்ளைகளை அடிக்கடி இடறச்செய்யும் கேள்வி, குறியிட்டவுடன் தெளிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேலாக நான் வலியுறுத்த விரும்புவது மதிப்பிடலை. பெருக்கத் தொடங்கும் முன் விடை ஏறக்குறைய எவ்வளவு என்று சொல்லும் பழக்கம் வந்துவிட்டால் மேற்கூறிய பிழைகளுள் பெரும்பாலானவை தாமே வெளிப்பட்டுவிடும். 48 ஐ 21 ஆல் பெருக்கினால் 1008 என்று கரும்பலகையில் எழுதிவிட்டு, இதற்கு மேல் ஒரு பெருக்கலும் செய்யக்கூடாது என்று சொல்லுங்கள். 4.8 இன் 2.1 மடங்கு எவ்வளவு? ஐந்தின் இரு மடங்கு பத்து, ஆகவே 10.08. 0.48 இன் 0.21 மடங்கு? 0.21 இன் பாதிக்குச் சற்றுக் குறைவு, அதாவது பத்தில் ஒன்றுக்கு அண்மையில், ஆகவே 0.1008. 480 இன் 0.21 மடங்கு? ஐந்நூற்றின் ஐந்தில் ஒரு பங்கு நூறு, எனவே 100.8. 48 இன் 0.021 மடங்கு? ஐம்பதின் ஐம்பதில் ஒரு பங்கு ஒன்று, ஆகவே 1.008. பிள்ளைகள் ஒருவரோடொருவர் வாதிட்டுப் புள்ளியை நகர்த்தும் அந்த அரை மணி நேரத்தில் நடைபெறும் கணிதம், பயிற்சிக் கொப்பியில் இருபது கணக்குகளைச் செய்து முடிப்பதிலும் கூடுதலானது. வாய்ப்பாடு தெரிய வேண்டியதில்லை என்று நான் சொல்வதாக யாரும் கொள்ள வேண்டாம். வாய்ப்பாடு சரளமாக வராத பிள்ளைக்கு மதிப்பிடவும் முடியாது.

நேரம் இல்லை என்பதே ஆசிரியர்கள் கூறும் முதல் மறுப்பு. அது பொய்யான மறுப்பு அன்று. புலமைப்பரிசில் பரீட்சைக்கு முந்திய மாதங்களில் ஆரம்பப் பிரிவு ஆசிரியர்கள் கடந்தகால வினாத்தாள்களுக்குள் மூழ்கிவிடுகின்றனர். மேல் வகுப்பு ஆசிரியரோ பாடத்திட்டத்தை முடிக்கும் நெருக்கடியில் இருக்கிறார். எமது மாவட்டத்தில் ஐந்தாம் தரத்துடன் முடியும் பாடசாலைகள் பல இருப்பதால், ஒரு பிள்ளைக்குப் பின்னமும் இடப்பெறுமானமும் எவ்வாறு கற்பிக்கப்பட்டன என்பதை ஆறாம் தர ஆசிரியர் அறிவதற்கு வாய்ப்பே இல்லை. மாலை நேரத் தனியார் வகுப்பில் விதி பாடசாலைக்கு முன்னதாகவே ஊட்டப்பட்டுவிடுகிறது. பிறகு வகுப்பில் கட்டம் வரையச் சொன்னால், "ரீச்சர், இது எங்களுக்குத் தெரியும்" என்று பிள்ளைகள் பொறுமையிழக்கின்றனர். ஆனால் விதியை மாத்திரம் கற்ற வகுப்புக்கு அதே பாடத்தை ஒவ்வோர் ஆண்டும் மீண்டும் தொடக்கத்திலிருந்து கற்பிக்க நேர்வதையும் கணக்கில் எடுத்தால், முதலில் செலவிடும் இரண்டு மூன்று பாடவேளைகள் நட்டமல்ல. இந்தப் பிள்ளைகளுள் சிலர் நாளை தாதியராக வருவார்கள். குழந்தையின் உடல் நிறைக்கேற்ப மருந்தின் அளவைக் கணிக்கையில் புள்ளி ஓரிடம் தவறினால் குழந்தைக்குப் பத்து மடங்கு மருந்து போய்விடும் என்பதைப் பெற்றோர் நினைத்துப் பார்க்க வேண்டும்.

வலயக் கல்விப் பணிமனைகளின் கணித ஆசிரிய ஆலோசகர்களிடமும், தவணைப் பரீட்சை வினாத்தாள்களைத் தயாரிப்போரிடமும் எனக்கு ஒரு குறிப்பான வேண்டுகோள் உண்டு. வகுப்பறை வினாத்தாளைப் பின்தொடர்கிறது என்பது நாமெல்லோரும் அறிந்ததே. ஆகவே ஆறாம், ஏழாம் தரங்களின் தவணை வினாத்தாளில், இலக்கங்கள் ஏற்கெனவே தரப்பட்டு, புள்ளியை மட்டும் இட்டு அதற்கான காரணத்தை ஒரு வாக்கியத்தில் எழுதுமாறு கேட்கும் ஒரு வினாவைச் சேர்த்து, காரணத்துக்கும் புள்ளி வழங்குங்கள். இரண்டு தசமங்களின் பெருக்கம் அவ்விரண்டையும் விடச் சிறியதாக வரும் கணக்கொன்றைப் பிள்ளையே அமைக்குமாறு கேட்கும் வினாவும் பொருத்தமானது. இதற்குச் சுற்றறிக்கையோ நிதியோ தேவையில்லை. அடுத்த தவணைக்கான வினாத்தாள் குழு கூடும்போது தீர்மானித்துக்கொள்ளலாம். ஐந்தாம் தர ஆசிரியர்களையும் ஆறாம் தரக் கணித ஆசிரியர்களையும் கோட்ட மட்டத்தில் ஆண்டின் தொடக்கத்தில் ஒரு பிற்பகல் ஒன்றாக அமர்த்த முடியுமாயின், பிள்ளைகளின் பழைய பயிற்சிக் கொப்பிகளை அவர்கள் அங்கே கொண்டுவரட்டும்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருவர்,
களுவாஞ்சிகுடி.