பெயர் வேண்டாம், வீட்டு எண்ணைப் போடு

நேவல் பேஸ் நினைவுகள் நூலுக்குக் கை கொடுத்த உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

புத்தகம் வந்துவிட்டது. போன சனிக்கிழமை ஈசூனில் எங்கள் புளோக்குக்குக் கீழே பத்துப் பெட்டிகளை இறக்கி வைத்துவிட்டு லாரி கிளம்பிவிட்டது. பெட்டிக்கு ஐம்பது பிரதி. அன்றைக்கென்று பார்த்து மின்தூக்கி பழுது. பக்கத்து வீட்டு மலாய்க்கார அண்ணனும் அவர் மகனும் கேட்காமலேயே வந்து ஆளுக்கு இரண்டு நடை ஏறி இறங்கினார்கள். அதனால் முதல் நன்றி அவர்களுக்கு. தமிழ் படிக்கத் தெரியாவிட்டாலும் படங்களைப் பார்க்க ஒரு பிரதி வாங்கிக்கொண்டார்கள்.

விஷயம் உங்களுக்குத் தெரிந்ததுதான். நேவல் பேஸ் என்பது 1938இல் திறந்த செம்பவாங் கடற்படைத் தளம், 1968இல் அதன் கப்பல் பட்டறை சிங்கப்பூர் அரசாங்கத்தின் கைக்கு மாறியது, 1971இல் பிரிட்டிஷ் படை மூட்டை கட்டியது என்பதெல்லாம் வரலாற்று நூல்களில் இருக்கிறது. பட்டறைச் சங்கு ஊதியதும் எந்த வீட்டில் முதலில் அடுப்பு எரியும், சம்பள நாளில் யார் வாசலில் கடன்காரர் நிற்பார் என்பதெல்லாம் எதிலும் இல்லை. என் அப்பா அங்கே சாயம் அடித்தவர். அவர் போன பிறகுதான் எனக்கு அவசரம் வந்தது. 22 பேரிடம் பேசிப் பதிவு செய்தோம். அவர்களில் மூன்று பேர் அச்சான நூலைப் பார்க்க இல்லை.

பதிப்பகங்களைக் குறை சொல்லமாட்டேன். “நல்ல முயற்சி, ஆனா யாரும்மா வாங்குவா?” என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. நம் ஊரில் வழக்கமான பதில், ஒரு வெளியீட்டு விழா வைப்பது. பொன்னாடை, வாழ்த்துரை, அப்புறம் ஆளுக்கொரு உறையில் காசு வைத்துக் கொடுத்துப் புத்தகம் வாங்குவது. கிட்டத்தட்ட மொய்தான். எனக்கு அதில் ஒரே தயக்கம், மொய் திரும்பச் செய்யவேண்டிய கடன். அவர் நூல் போடும்போது நான் உறையோடு போய் நிற்கவேண்டும், படிக்கிறேனோ இல்லையோ. வாங்கிய புத்தகம் பாலித்தீன் உறை பிரிக்காமல் அலமாரியில் இருப்பதை எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறேன் (என் வீட்டையும் சேர்த்து).

அதனால்தான் பலர் ஆளுக்குக் கொஞ்சம் போடும் கூட்டு நிதிக்குப் போனோம். அதற்கான இணையத்தளம் கிக்ஸ்டார்ட்டர். அதில் 2016 முதல் சிங்கப்பூர்க்காரர்களும் திட்டம் தொடங்கலாம். சொன்ன நாளுக்குள் கேட்ட தொகை முழுசாகச் சேர்ந்தால்தான் காசு கைக்கு வரும். ஒரு வெள்ளி குறைந்தாலும் யார் வங்கி அட்டையிலிருந்தும் எதுவும் எடுக்கமாட்டார்கள். நாங்கள் கேட்டது 6,000 வெள்ளி, 30 நாள். பத்தொன்பதாம் நாள் 2,700இல் நின்றுகொண்டிருந்தது. ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து கைப்பேசியைப் பார்ப்பேன். அதே 2,700.

அந்த வாரம் பங்குனி உத்திரம் வந்தது. ஈசூன் புனித மரம் பாலசுப்பிரமணியர் கோயிலுக்கு வேர் நேவல் பேஸ்தான். எங்கெங்கோ குடியேறிய பழைய ஆட்கள் அன்றைக்குக் காவடி பார்க்க வந்துவிடுவார்கள். நான் கியூஆர் குறியை அட்டையில் ஒட்டிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு அன்னதான வரிசைக்குப் பக்கத்தில் நின்றேன். ஓர் அம்மா குறியைத் தடவிப் பார்த்துவிட்டு, “இதுல காசு எங்கம்மா போடறது?” என்றார். இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்து, நான்காக மடித்த பத்து வெள்ளி நோட்டை என் கையில் திணித்தார். பக்கத்தில் இருந்த அவர் பேத்தி தன் அட்டையில் போட்டாள். அப்புறம் அதுவே வழக்கமாகிவிட்டது, பெரியவர்கள் காசு, பிள்ளைகள் அட்டை. திரையில் 163 ஆதரவாளர்கள் என்றுதான் காட்டுகிறது. நூலின் கடைசிப் பக்கங்களில் இருப்பவை 211 பெயர்கள். அட்டைக்காரர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது.

அந்த வரிசையில்தான் ஒரு பெரியவர் தமிழ் முரசு நாளிதழை நடத்திய கோ. சாரங்கபாணியை நினைவுபடுத்தினார். 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்காகத் அந்த நாளிதழ் வழியாக ‘தமிழ் எங்கள் உயிர்’ என்று அவர் நிதி திரட்டியபோது, தன் அப்பா ஒரு வெள்ளி கொடுத்தாராம். “பேருதான்மா புதுசு” என்றார்.

6,480இல் முடிந்தது. அதில் 5 விழுக்காடு கிக்ஸ்டார்ட்டருக்கு, அதற்கு மேல் அட்டைக் கட்டணம். நான்கு பேரின் அட்டை காலாவதியாகியிருந்தது. அவர்களுக்குத் தகவல் அனுப்பவே எனக்குக் கூச்சம். நான்கு பேரும் ஒரே நாளில் சரிசெய்துவிட்டு என்னிடமே மன்னிப்புக் கேட்டார்கள்!

பிழைகளையும் சொல்லிவிடுகிறேன். தபால் செலவை நான் தப்பாகக் கணக்கிட்டேன். புத்தகத்தை மட்டும் சமையலறைத் தராசில் நிறுத்தேன். குமிழி உறையை நிறுக்க மறந்துபோனேன். உறையோடு சேர்ந்ததும் அடுத்த கட்டணத்துக்குத் தாவிவிட்டது. துண்டு விழுந்த அந்தத் தொகை நம் மெய்ப்புக் குழு அக்காக்களின் பையிலிருந்து போனது. சம்பளம் வாங்காமல் மூன்று முறை மெய்ப்புப் பார்த்தவர்கள், இதையும் கொடுத்தார்கள். என்ன சொல்ல?

அடுத்தது சென்னையில் அச்சிட்ட இடத்தில் நடந்தது. 160 பக்கம், பத்து ஃபாரம் (ஃபாரம் என்றால் சேர்த்து மடித்துத் தைக்கும் 16 பக்கம்). பதினொரு பிரதிகளில் ஏழாவது ஃபாரம் தலைகீழாகத் தைத்திருந்தது. 97இலிருந்து 112 வரை புத்தகத்தைத் திருப்பிப் பிடித்துத்தான் படிக்கவேண்டும். மாற்றித் தருகிறோம் என்று செய்தி அனுப்பினால், மூன்று பேர் அந்தப் பிரதிதான் வேண்டும் என்று எழுதிக் கேட்கிறார்கள். பாக்கி எட்டு என்னிடம்தான் இருக்கிறது.

வெளியான நான்கு வாரத்துக்குள் தேசிய நூலகத்துக்கு இரண்டு பிரதி கொடுக்கவேண்டும் என்பது சட்டம். சட்டம் இல்லாவிட்டாலும் ஓடிப்போய்க் கொடுத்திருப்பேன். கப்பல் அடியில் படுத்துச் சிப்பி சுரண்டியவர்கள் பேசிய பேச்சு விக்டோரியா ஸ்ட்ரீட் கட்டடத்தில் இருக்கப்போகிறது. வரவு செலவுக் கணக்கைத் தனித்தாளாக நூலோடு வைத்திருக்கிறோம். மீதி 86 வெள்ளி. அது பெயர்ப் பட்டியலில் விட்டுப்போன இருவருக்காக ஒட்டவிருக்கும் திருத்தச் சீட்டுக்கு.

பட்டியலைப் பார்த்தவர்கள் ஒன்றைக் கேட்டிருந்தீர்கள். 158ஆம் பக்கத்தில் பெயர்களுக்கு நடுவே ஒரு எண் மட்டும் நிற்கிறதே, அச்சுப் பிழையா என்று. பிழை இல்லை. வாராவாரம் தேக்கா சந்தையில் என்னைப் பிடித்து ஐந்து வெள்ளி கொடுத்த ஒருவர், “பேரு வேணாம்மா, நாங்க இருந்த கோட்டர்ஸ் நம்பரப் போடு” என்றார். போட்டோம்.

நேற்று உட்லண்ட்ஸிலிருந்து ஓர் அம்மா கூப்பிட்டார். நூலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “அது எங்களுக்கு எதுத்த வீடு. அவரு இன்னும் இருக்காரா?” என்றார். வரும் ஞாயிறு காலை பத்து மணிக்குத் தேக்கா கோப்பிக்கடைக்கு இரண்டு பேரையும் வரச் சொல்லியிருக்கிறேன். பிரதி வந்து சேராதவர்களும் அங்கேயே வந்து வாங்கிக்கொள்ளலாம்.

அன்புடன்,
தொகுத்தவள்