குழந்தை எத்தனை கிலோ?

ஆசிரியருக்கு,

ஆம்புலன்ஸ் சேவையை விரிவாக்கச் சொன்ன தங்கள் தலையங்கம் படித்தேன். வண்டிகள் பெருகட்டும், சரி. அதில் ஏறும் குழந்தைக்கு மருந்தின் அளவைத் தீர்மானிப்பது அதன் எடைதான். கண்மதிப்பில் அளவைக் குறைத்துப் போடுவது ஆபத்து. சென்ற ஆண்டு என் பேத்திக்குக் காய்ச்சலில் வலிப்பு வந்தபோது, அக்கம்பக்கத்தினர் அவள் கையில் சாவிக்கொத்தைத் திணித்தனர். ஆம்புலன்ஸில் வந்த தம்பி அவளை ஒருக்களித்துப் படுக்கவைத்தார், முதலில் கேட்டது, “எத்தனை கிலோ?” எங்களில் யாருக்கும் தெரியவில்லை.

குழந்தையின் நீளத்தை அளந்தே எடையைக் கணிக்கும் வண்ண நாடா உண்டு. நம் பிள்ளைகளின் உடல்வாகுக்கு ஏற்பத் திருத்தி, ஒவ்வொரு வண்டியிலும் அதை வைக்க வேண்டும். அப்புறம், அங்கன்வாடியில் பார்க்கும் எடையைப் பெற்றோர் கைப்பேசியில் குறித்துவைக்கவும் சொல்லலாம்.

– வாசகர், திண்டுக்கல்