பாப்பாவுக்கு அப்பா எழுதுறது

பாப்பா,

அங்க குளிர் எப்படி இருக்கு. போன ஞாயித்துக்கிழமை வீடியோல ரொம்ப இளைச்சு தெரிஞ்ச, வெளிச்சம் சரியில்லன்னு சொன்ன, சரி. நேரத்துக்கு சாப்பிடு. அம்மாவுக்கு முழங்கால் பரவால்ல, தைலம் தேய்ச்சுக்கிட்டே இருக்கா.

நீ அலமாரில விட்டுட்டுப் போன கட்ஃபேல் நாவல்கள எடுத்து படிச்சிட்டிருக்கேன். எல்லிஸ் பீட்டர்ஸ் மொத்தம் 20 எழுதியிருக்காங்க, நம்ம வீட்ல இருக்குறது ஆறுதான். 12ஆம் நூற்றாண்டு, இங்கிலாந்துல ஷ்ரூஸ்பரி மடம், கட்ஃபேல்ங்கிறது சிலுவைப்போருக்கெல்லாம் போயிட்டு வந்து நடுவயசுல துறவியான ஆளு, மூலிகைத் தோட்டத்த பாத்துக்கிட்டே கொலைய கண்டுபிடிக்கிறார். ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் படிச்சேன். மடத்துல நடக்குற துப்பறியும் கதை ஏன் இப்படி இழுத்து உக்கார வைக்குதுன்னு யோசிச்சேன், மணி அடிச்சா எல்லாரும் ஜெபத்துக்கு வரணும், ஆளாளுக்கு ஒரு இடம், ஒரு இடம் காலியா இருந்தா யாரும் வாயத் திறக்காமலே எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நீ சொல்லுவியே அந்த உம்பர்த்தோ எக்கோ நாவல், 1327ல இத்தாலி மடத்துல ஏழு நாள் நடக்குற கதை, அதுலயும் ஒவ்வொரு நாளையும் ஜெப நேரத்த வெச்சுத்தான் பிரிச்சிருக்கார்.

மாப்பிள்ளைய கேட்டேன்னு சொல்லு. மூணு ஞாயிறா அவர பாக்கல. வேலை இருக்கும். பர்மிங்காம்ல இருந்து ஷ்ரூஸ்பரி ரயில்ல ஒரு மணி நேரம்தானே, ரெண்டு பேரும் ஒரு நாள் போயிட்டு வாங்க, அந்த மடத்துக் கோயில் இன்னும் இருக்கு. நான் போட்ட மெசேஜுக்கு பதில் வர நாலு நாளாச்சு, அத நான் பெருசா எடுத்துக்கல, ஆனா அம்மா எடுத்துக்குவா.

'மங்க்ஸ் ஹூட்'னு ஒரு நாவல், 1980ல வந்தது. மூட்டு வலிக்கு தேய்க்க கட்ஃபேல் காய்ச்சி வெச்ச எண்ணெய், நம்ம வச்சநாபி விஷச்செடி இருக்கே அந்த இனத்து வேர் போட்டது, அத யாரோ சாப்பாட்டுல கலந்து ஒருத்தர் செத்துப் போறார். மேல தேய்ச்சா மருந்து, உள்ள போனா விஷம். தன் கையால காய்ச்சினதுதான்னு அவருக்கு தெரியிற இடத்துல புத்தகத்த மூடி வெச்சிட்டேன், அன்னைக்கு மேல படிக்க முடியல.

அப்பதான் நீ ரெண்டு வருஷம் முன்னாடி அனுப்பின பியானோ இசைய, அந்த அமெரிக்க இசையமைப்பாளர் ஜான் கேஜ் எழுதினத, ஹெட்போன் போட்டு கேட்டேன். ஒரு மணி நேரத்துக்கு மேல ஓடுது. 1946ல இருந்து 48 வரைக்கும் எழுதினதாம், பியானோ கம்பிக்கு நடுவுல ஸ்க்ரூ, போல்ட், ரப்பர் எல்லாம் சொருகி, ஒரு கட்டைய அழுத்தினா மத்தளம் மாதிரி, பக்கத்து கட்டைய அழுத்தினா ஈரத்துணி சுத்தின கோயில் மணி மாதிரி. இந்தியக் கலை பத்தி ஆனந்த குமாரசாமி எழுதினத படிச்சு நம்ம நவரசத்த மனசுல வெச்சு பண்ணியிருக்கார், கீதா சாராபாய்கிட்ட நம்ம சங்கீதமும் கத்துக்கிட்டாராம். நடுவுல சில இடம் ரொம்ப அமைதியா போகுது பாப்பா, கண்ண மூடிட்டு அப்படியே உக்காந்திருந்தேன். பக்கத்து வீட்டு சார்கிட்ட என் பொண்ணு அனுப்பினதுன்னு சொல்லி அவரையும் கேக்க வெச்சேன்.

நீ எட்டாவது லீவுல ஆச்சி வீணையில ஹேர்பின்னும் போஸ்ட்கார்டு துண்டும் சொருகிட்டு, அப்பா கேளுங்க, ஓட்டுல மழை விழற மாதிரி இருக்குன்னு ஓடி வந்த. நான் கேக்கல. கையில ஓங்கி ஒண்ணு போட்டேன். ஒரு வாரத்துல வீணைய சின்னத்தை வீட்டுக்கு அனுப்பிட்டு, அவளுக்கு ஆர்வம் போயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொன்னேன். அது பொய், உனக்கு ஆர்வம் போகல. உன் நல்லதுக்குன்னுதான் நினைச்சேன், ஆனா அதுக்கப்புறம் நீ எதையும் என்கிட்ட முதல்ல கொண்டு வந்ததே இல்ல, பாட்டும் சரி, கஷ்டமும் சரி. எல்லாம் முடிஞ்சப்புறம்தான் எனக்கு தெரியும். அந்த பழக்கத்த உனக்கு பண்ணி வெச்சது நான்தான்.

வீணைய போன வாரம் திரும்ப கொண்டு வந்துட்டேன். குடம் பக்கத்துல லேசா கீறல், ரெண்டு மெட்டு மெழுகு விட்டிருக்கு, சரி பண்ண ஆள் சொல்லியிருக்கேன். எந்த கம்பியில சொருகினேன்னு ஞாபகம் இருந்தா சொல்லு. மாடி ரூம கழுவி விட்டு புது மெத்தை போட்டிருக்கேன், சும்மாதான்.

நேரத்துக்கு சாப்பிடு. ஞாயித்துக்கிழமை கூப்பிடு. நீ மட்டும் இருந்தாலும் கூப்பிடு.

அப்பா