சைகை தெரிந்த ஒருவர், தினமும், வகுப்பறைக்குள்

பள்ளிக் கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான்காம் வகுப்பு, சொல்வதை எழுதுதல். 'மடம்' என்ற இடத்தில் ஒரு குழந்தை 'படம்' என்று எழுதியிருக்கிறது. 'பாலை' என்ற இடத்தில் 'மாலை'. சிவப்பு மையில் சுழியம், பக்கத்தில் 'கவனக் குறைவு' என்று ஒரு குறிப்பு. அந்தக் குழந்தைக்குக் காது கேட்காது. அது பள்ளிப் பதிவேட்டிலேயே இருக்கிறது.

கண்ணாடி முன் நின்று குரல் எழுப்பாமல் 'படம்', 'மடம்' என்று சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் ஒட்டிப் பிரியும். வேறுபாடு மூக்குக்குள் நடக்கிறது. க, ங இரண்டும் தொண்டைப் பக்கம். ல, ள, ழ மூன்றும் பல்லுக்குப் பின்னால் நாக்கு செய்கிற வேலை. உதட்டைப் பார்த்துத் தமிழ் படிப்பது, பாதி எழுத்து சிதைந்த கல்வெட்டைப் படிப்பது போலத்தான். இதில் ஆசிரியர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டே பேசினால் மீதிப் பாதியும் போயிற்று. கவனமாகப் பார்த்ததால்தான் அந்தக் குழந்தை 'படம்' என்று எழுதியது.

காதொலிக் கருவி கொடுத்திருக்கிறோமே என்பீர்கள். கருவி ஆசிரியரின் குரலோடு மின்விசிறியையும் பக்கத்து வகுப்பின் வாய்ப்பாட்டையும் சேர்த்தே பெரிதாக்கும். வளரும் காதுக்கு, காதுக்குள் பொருந்தும் அச்சான இயர்மோல்டு சில மாதங்களிலேயே தளர்ந்து விசில் அடிக்கும். தொந்தரவாக இருக்கிறதென்று கழற்றிப் பையில் வைக்கச் சொல்வார்கள். கருவிக்குள் போடும், நீல ஒட்டுள்ள 675 பேட்டரியில் ஒட்டைக் கிழித்துவிட்டால், கருவியை நிறுத்தி வைத்தாலும் அது தீர்ந்துகொண்டே போகும். இதை எத்தனை பெற்றோருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறோம்?

எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: இந்திய சைகை மொழி தெரிந்த ஒருவர், தினமும், வகுப்பறைக்குள் இருக்க வேண்டும். வட்டார வள மையத்திலிருந்து சிறப்புப் பயிற்றுநர் வந்து போகும் நாளில் மட்டும் மொழி கிடைத்தால் போதாது. அவர் பாவம், எல்லா வகைக் குறைபாடும் உள்ள பிள்ளைகளையும் பள்ளி பள்ளியாகப் போய்ப் பார்க்க வேண்டியவர்.

சைகை வந்தால் தமிழ் வராது என்ற பயம் இன்னும் சிலருக்கு இருக்கிறது. நடப்பது நேர்மாறு. 'கொடு' என்ற சைகையில் கை, கொடுப்பவரிடமிருந்து வாங்குபவரை நோக்கி நகர்கிறது. கை போய்ச் சேரும் இடத்தைக் காட்டி, 'கண்ணனுக்கு' என்று எழுதி, 'க்கு'வை வட்டமிட்டால் நான்காம் வேற்றுமை புரிந்துவிடும். அந்தச் சைகையைப் பார்க்காத குழந்தை 'கண்ணன் பந்து கொடு' என்றே எழுதும்.

பிள்ளைக்கு ஏற்ற மொழியில் கல்வியும் சைகை மொழி தெரிந்த ஆசிரியரும் வேண்டும் என்னும், 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 16, 17-ஆம் பிரிவுகள் உங்களுக்குத் தெரியாதவை அல்ல. தொடக்க வகுப்புகளில் பத்துப் பேருக்கு ஒரு சிறப்பாசிரியர், மேல் வகுப்புகளில் பதினைந்து பேருக்கு ஒருவர் என்ற கணக்கை உச்ச நீதிமன்றம் 2021-இல் எடுத்துக்கொண்டதும் தெரியும். ஆனால் செப்டம்பர் 23, சர்வதேச சைகை மொழிகள் தினத்தன்று மட்டும் பள்ளி முழுக்கச் சைகையில் நாட்டுப்பண். படம் பிடித்து வாட்ஸ்அப் குழுவில் போட்டாயிற்று. 24-ஆம் தேதி அந்தக் குழந்தை 'தண்ணீர் குடிக்கப் போகட்டுமா' என்று சைகையில் கேட்டால், புரிந்துகொள்ள ஆளில்லை. விழா மிகவும் அழகாக இருந்தது, நன்றி.

கோபத்தில் சற்று நீட்டிவிட்டோம், பொறுத்தருள்க. செய்யக்கூடியதைச் சொல்கிறோம். ஒரு வட்டாரத்தில் பள்ளிக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கும் பிள்ளைகளை, பெற்றோர் சம்மதத்துடன், போக்குவரத்துப் படி கொடுத்து ஒரே பொதுப் பள்ளிக்குக் கொண்டுவாருங்கள். கூடப் பேச ஆள் இருந்தால்தான் மொழி வளரும். அங்கே சைகை தெரிந்த ஓர் ஆசிரியரையும், காது கேளாத பெரியவர் ஒருவரையும் முழு நேரமாக அமர்த்துங்கள். வகுப்பாசிரியருக்கு, புத்தகத்தைத் திறக்கச் சொன்னதும் பாடத்தைத் தொடங்காமல், பிள்ளை நிமிர்ந்து பார்க்கும்வரை பொறுக்கச் சொல்லிக்கொடுங்கள். ஒரே கண்ணால் பக்கத்தையும் கையையும் சேர்த்துப் பார்க்க முடியாது. சன்னலுக்கு முன் நின்று பேசினால் முகம் இருட்டாகிவிடும் என்பதையும் சொல்லுங்கள்.

ஆள் அமர்த்த நாளாகும் என்றால், அதுவரை இந்தப் பிள்ளைகளுக்குச் சொல்வதை எழுதுதலுக்குப் பதிலாகப் படத்தையோ சைகையையோ பார்த்து எழுதும் தேர்வு வைக்க ஒரு சுற்றறிக்கை அனுப்புங்கள். அரையாண்டுத் தேர்வுக்கு முன் அது பள்ளிகளுக்கு வந்து சேருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
காது கேளாத குழந்தைகளுக்குக் கற்பிப்போர் சிலர்