ஜெர்மன்டவுன் மென்னோனைட் சபை: ஆண்டுகளைக் குழப்ப வேண்டாம்

உறுப்பினர்களுக்கு வணக்கம். அமெரிக்காவின் ஃபிலடெல்ஃபியாவில் உள்ள ஜெர்மன்டவுன் மென்னோனைட் (ஒரு கிறிஸ்தவப் பிரிவு) சபை பற்றிக் குறிப்பு எழுதுவோர் கவனிக்க: 1683 என்பது ஜெர்மனியின் கிரேஃபெல்டிலிருந்து 13 குடும்பங்கள் வந்திறங்கிய ஆண்டு. அதையே சபை தொடங்கிய ஆண்டாகப் போடாதீர்கள். வந்தவர்களில் பெரும்பாலோர் அப்போது குவேக்கர்கள் என்ற வேறொரு கிறிஸ்தவப் பிரிவினர்.

முதல் ஆராதனைக் கூடம் மரக்கட்டைகளால் 1708இல் எழுந்தது. இப்போது ஜெர்மன்டவுன் அவென்யூவில் நிற்பது 1770இன் கல் கட்டடம். அதன் படத்துக்குக் கீழே 1708 என்று போட்டுவிடாதீர்கள். மரக்கூடத்துக்கு ஏது ஒளிப்படம்!

1688இல் ஜெர்மன்டவுனில் எழுதப்பட்ட அடிமைமுறை எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டவர்கள் நால்வர். அது போனது குவேக்கர் கூட்டத்துக்கு. கையெழுத்திட்டவர்களிடையே மென்னோனைட் பின்னணி இருந்ததை மட்டும் வைத்து ‘சபையின் மனு’ என்று எழுதினால் தவறு.

முதல் போதகர் வில்லியம் ரிட்டன்ஹவுஸ். அமெரிக்காவின் பிரிட்டிஷ் காலனிகளில் முதல் காகித ஆலையை 1690இல் பங்காளிகளோடு தொடங்கியவரும் இவரே. இதை விட்டுவிடாதீர்கள்.

திருத்திய குறிப்புகளை ஞாயிறுக்குள் குழுவில் போடவும்.