மக்ளே, அந்த காசு மாலை பத்தி

மக்ளே, இங்க மெக்சிகோல வேலான்னு ஒரு திருவிழா, அந்த போட்டோவ நான் அனுப்பினதுல இருந்து அந்த அம்மா கழுத்துல கெடக்கது ஒரிஜினலான்னு நீ கேட்டுட்டே இருக்க, ஒரிஜினல்தான், அவங்க எங்க வீட்டு ஓனரம்மா, ஹூச்சித்தான்ங்கிற இந்த ஊர் மார்க்கெட்ல டோட்டோப்போங்கிற மொறுமொறு சோள ரொட்டியும் கருவாட்டு இறாலும் விக்கிற சாப்போடெக்குங்கிற இங்கத்த பழங்குடிப் பொம்பள. நான் பக்கத்துல லா வெந்தோசால காத்தாலை ரிப்பேர் பண்ணிட்டு வந்து சாயங்காலம் உக்காந்தா அவங்க கதைதான், எனக்கு இருக்குற அரைகுறை ஸ்பானிஷ்ல புரிஞ்சத சொல்றேன்.

ஒரு காச கைல தந்து பாக்க சொன்னாங்க. ஒரு பக்கம் லிபர்ட்டி தலை, கீழ 1904, மறுபக்கம் கழுகு, அமெரிக்கா 20 டாலர் காசு, 33 கிராமுக்கு மேல வரும், நம்ம கணக்குல நாலு பவுன். மேல சின்ன வளையம் வச்சு சங்கிலில கோத்துருக்கு, அவ்ளோதான் வேலை. ஒரு கடல்பக்கம் சலீனா க்ரூஸ்ல இருந்து மறு கடல்பக்கம் கோவாட்சகோவால்கோஸ் வரைக்கும் இங்க குறுக்க போற ரயில் பாதைய திரும்ப எடுத்துக் கட்டி 1907ல திறந்தாங்க, பனாமா கால்வாய் 1914ல வர்ற வரைக்கும் கடல் விட்டு கடல் போற சரக்கு நெறைய இதுலதான், அந்த யாவாரக் காலத்துல இந்த டாலர் காசு நெறைய பொழங்கிருக்கு. அமெரிக்கால 1933ல சனங்க கைல இருந்த தங்கத்த அரசாங்கமே வாங்கிகிட்டு, இங்க இவங்க கழுத்துல அப்டியே கெடக்கு பாரு! அப்புறம் மாலைல கெடக்கது சென்டெனாரியோங்கிற மெக்சிகோ தங்கக் காசு, 1921ல அடிக்க ஆரம்பிச்சது, அதுல சுத்தத் தங்கமே 37.5 கிராம்.

டிரஸ்ஸும் லேசுப்பட்டதில்ல. ஊய்பில்னு இடுப்பு வரைக்கும் குட்டையா ஒரு ரவிக்கை, வெல்வெட்ல கையாலயே பெருசு பெருசா பூ போட்டது, பாவாடை அடில முழம் அகலத்துக்கு கஞ்சி போட்டு மடிச்ச வெள்ளை லேஸ். தலைல வைக்கிற லேஸ் துணில குழந்தை சட்டை மாதிரி குட்டி கை ரெண்டு தொங்கும், அதுல யாரும் கைய விடுறதில்ல. ஓவியம் வரையிற ஃப்ரீடா காலோ போட்டுதான் வெளியூர்ல இது பிரபலம், ஆனா அவங்க மெக்சிகோ சிட்டிகாரங்க, இந்த ஊரே இல்ல.

நான் சொல்ல வந்தது வேற. உங்க அம்மா உனக்கு காசுமாலை எடுக்கணும்னு நிக்கிறா. நம்ம கடைல வர்றது மெல்லிசா அடிச்ச லட்சுமி காசு, செய்கூலி சேதாரம்னு போட்டு தீட்டிருவான், விக்கப் போனா அந்த ரெண்டும் போச்சு. இந்த அம்மா டோட்டோப்போ வித்த லாபத்துல ஒவ்வொரு காசா வாங்கி கோத்தது, புருஷங்கிட்ட கேக்கல, 2017 செப்டம்பர் பூகம்பத்துல வீடு இடிஞ்சப்ப ரெண்ட கழட்டி வித்து செவுரு எழுப்பிட்டாங்க, மாலை அறுபடவே இல்ல, ரெண்டு காசு கொறஞ்சுது அவ்ளோதான். இங்க பொம்பள ராஜ்யம்னு யூடியூப்ல சொல்றதெல்லாம் சும்மா, அடி உதை இங்கயும் உண்டு, ஆனா காசு அவங்களோடது. திருட்டு பயத்துல இப்ப பாதிபேரு விழாவுக்கு முலாம் பூசுனதத்தான் போடுறாங்களாம்.

அதனால நீ உன் சம்பளத்துல 8 கிராம் காசா வாங்கி லாக்கர்ல வை, அம்மாகிட்ட நான் பேசிக்கிறேன். ரவிக்கை அளவு அனுப்பு, மிஷின்ல சங்கிலித் தையல் போட்ட ஊய்பில் ஒண்ணு எடுத்துட்டு வாரேன், கைப்பூ போட்டதுக்கு அப்பாவுக்கு கட்டுபடியாகாது மக்ளே.