கோடியக்கரைக்குக் கேமராவோடு வரும் நண்பர்களுக்கு

வணக்கம்.

நான் பறவை பார்க்க இப்போதுதான் பழகுகிறவன். உள்ளான்கள் எனப்படும் சின்னக் கரைப்பறவைகளில் எது எது என்று பிரித்துச் சொல்ல இன்னும் வரவில்லை. உங்களில் பலர் இதில் எனக்கு மூத்தவர்கள். ஆனாலும் ஒன்றைக் கேட்டே ஆக வேண்டும்: படத்துக்காகப் பறவைக் கூட்டத்தைக் கிளப்பாதீர்கள்.

போன பனிக்காலத்தில் வேதாரண்யம் சதுப்பின் ஓரம், உப்பளப் பக்கமாக நின்று பூநாரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கழுத்தை வளைத்து, அலகைத் தலைகீழாக நீரில் வைத்து மேய்ந்துகொண்டிருந்தன. நாக்கு தண்ணீரை இழுத்து இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்து மென்தகடுகளில் சின்னஞ்சிறு உயிர்கள் தங்கிவிடும். பைனாகுலரில் இதைப் பார்த்துக்கொண்டே நாள் முழுக்க நிற்கலாம் போலிருந்தது. அப்போது சிலர் வரப்பிலிருந்து இறங்கி, கையைத் தட்டிக்கொண்டே சேற்றில் நடந்தார்கள். மொத்தக் கூட்டமும் நீரில் ஓடி எழும்பியது. சிறகின் சிவப்பும் கறுப்பும் விரிந்தது அழகுதான், மறுக்கவில்லை. படம் கிடைத்ததும் அவர்கள் போய்விட்டார்கள். நான் அங்கே இருந்தவரை பூநாரைகள் அந்த இடத்துக்குத் திரும்பவில்லை.

அவற்றோடு எழும்பிய சின்னப் பறவைகளை யாரும் கவனிக்கவில்லை. அதுதான் எனக்கு அதிகம் வலித்தது. கொசு உள்ளான் பெரும்பாலும் 30 கிராம்கூட இருக்காது. வடதுருவத்தை ஒட்டிய மரமில்லா ஆர்க்டிக் துந்திரா நிலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, அவ்வளவு தூரம் பறந்து இங்கே வருகிறது. கோடைக்கு முன் திரும்பிப் போக உடம்பில் கொழுப்பு சேர்த்தாக வேண்டும். வழிக்கான கட்டுச்சோறு அதுதான். நாம் விரட்டும் ஒவ்வொரு முறையும் மேயும் நேரமும் போகிறது, சேர்த்த கொழுப்பும் கரைகிறது. ஒரு குழு ஒரு தடவை கிளப்பினால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். விடுமுறை நாளில் எத்தனை குழு வருகிறது என்று நினைத்துப் பாருங்கள்.

கோடியக்கரை 1967 முதல் சரணாலயம், 2002 முதல் ராம்சர் தலம், அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலம். பறவையியலாளர் சாலிம் அலியின் காலத்திலேயே தொடங்கி, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் இங்கே பறவைகளின் காலில் அடையாள வளையமிட்டு வலசையை ஆராய்ந்து வருகிறது. சரணாலயத்துக்குள் விலங்கு, பறவைகளைச் சீண்டுவதை 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் 27ஆம் பிரிவும் தடுக்கிறது. சரி, சட்டம் இல்லையென்றாலும் இதைத்தான் கேட்டிருப்பேன்.

பறக்கும் படமே வேண்டாம் என்று சொல்லவில்லை. வரப்பில் உட்கார்ந்து பொறுத்திருந்தால் அவை தாமாகவே இடம் மாறும். மேய்கிற பறவை தலையைத் தூக்கி நம்மைப் பார்த்தால் அங்கேயே நின்றுவிடுங்கள். அது நடக்கத் தொடங்கினால் பின்வாங்குங்கள். கூட வரும் வழிகாட்டியிடம் இன்னும் கிட்டே போகச் சொல்லிக் காசு நீட்டாதீர்கள். அவரால் மறுக்க முடியாது.

அப்புறம், வாட்ஸ்அப் குழு நடத்துகிறவர்களுக்கும் படப்போட்டிக்கு நடுவராக இருப்பவர்களுக்கும்: ஒரு கூட்டமே எழும்பும் படம் வந்தால், அது எப்படி எழும்பியது என்று கேளுங்கள். விரட்டி எடுத்தது என்றால் ஏற்காதீர்கள். அக்டோபரில் பறவைகள் வரத் தொடங்கும் முன்பே இதைப் பேசி முடிவெடுத்து, என்னைப் போல் புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

அன்புடன்,
பறவை பார்க்கப் பழகும் ஒருவன்